இரண்டு மணித்தியாலம் பொறுங்கோ

கொக்குவில் சந்தி, ரயர் கடைக்கு மேலே
ஒரு அறை, மூன்று கதிரை, ஒரு யூபிஎஸ்.
கட்டடக்காரர் கேட்டார், என்ன கொம்பனி பிள்ளை?
வெளிநாட்டு ஆக்களுக்கு மருந்து விளங்கப்படுத்துறது என்றேன்.
பொய்யில்லை.
அட்வான்ஸை எண்ணி வாங்கினார், மேலே கேட்கவில்லை.

ஸ்காபரோவில் அகிலதாசுக்குக் கஞ்சாக் கடை.
கண்ணாடிக் கதவு, வரி இலக்கம்,
சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சட்டம்.
மாதத்துக்கொரு யோசனையோடு போன் எடுப்பான்.
பூ நறுக்குகிற கத்தரிக்கோலில் பிசின் ஒட்டுது மச்சாள்,
என்ன செய்யலாம்?
பலாப்பழம் வெட்ட முதல் கத்திக்கு என்ன பூசுறனீங்கள் என்றேன்.
சுன்னாகத்து நல்லெண்ணெய் நாற்பது போத்தல் கப்பலேறியது.
அடுத்தது மணம் வெளியே போகாத பை.
தைத்தோம், உள்ளே கருவாடு வைத்துச் சோதித்தோம்.
பக்கத்து வளவுப் பூனை ஒன்று
அந்த வியாபாரத்தை அன்றைக்கே முடித்துவைத்தது.

இந்த யோசனை என்னுடையது.
முழங்கால் வலிக்கென்று எண்ணெய் வாங்குகிறார்கள்,
மகளின் காரில் வந்து, மகளுக்கு முன்னால் கேட்க வெட்கப்பட்டு.
போத்தலில் இரண்டு மொழியில் எச்சரிக்கை,
இரண்டும் தெரியாது.
வீட்டில் தனிய இருந்து மூடியைத் திறந்ததும்
பயம் வருகிறது. அப்போது எங்கள் நம்பர்.
அவர்களின் பின்னேரம் எங்களுக்கு விடியற்புறம்.

பிள்ளை, நாக்குக்குக் கீழையோ மேலையோ?
ஒரு துளி விட்டனான், ஒண்டும் தெரியேல்லை, இன்னொண்டு விடட்டோ?
வேண்டாம் அம்மா. இரண்டு மணித்தியாலம் பொறுங்கோ.
கந்தசஷ்டி விரதத்துக்கு ஆகுமோ?
மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
இலைதானே, என்றாள் டிலக்சனா, வாயைப் பொத்திக்கொண்டு.
ஒருவர் எடுத்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்,
மனிசி போய் நாலு வருசம் தம்பி,
இண்டைக்குத்தான் சிரிக்கிறன் என்று.
பதிவேட்டில் தலைச்சுற்று உண்டு, வாய் உலர்தல் உண்டு.
அதற்கு ஒரு கட்டம் இல்லை.

எங்கள் மூவரில் ஒருவரும் அந்த இலையைக் கண்டதில்லை.
பேப்பரில் கண்டதுதான்:
மாதகல் கரையில் பொதிகள் வரிசையாக,
பின்னால் முகத்தைத் துணியால் மூடிய நாலு பேர்.
மூன்றாவது ஆள் றொபின்சனின் அண்ணன்.
குருநகரிலிருந்து படகோட்டப் போனவன்.
முகம் தேவைப்படவில்லை,
காலில் கிடந்தது றொபின்சனின் செருப்பு.

வியாழன், நாலரை மணி. கரண்ட் போய்
யூபிஎஸ் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.
தம்பி, ஒரு கேள்வி, கோவிக்காதேங்கோ.
பொலிஸ் வருமோ?
றொபின்சன் தொண்டையைச் செருமினான்.
ரசீது கிடக்கோ அம்மா?
கிடக்கு.
அப்ப வராது.
வடிவாத் தெரியுமோ?
தெரியும் அம்மா. ரசீது நம்பரை வாசியுங்கோ.
கண்ணாடி தேடிப் போட்டு,
அவ ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னா.
எங்களுக்கு அது தேவையே இல்லை.
இருந்தும் அவன் கடைசி இலக்கம் வரைக்கும் எழுதினான்,
திரும்ப வாசித்துக் காட்டினான்,
சரியோ என்று கேட்டான்.

கீழே பாண்காரரின் ஓட்டோ பாட்டோடு வந்தது.
டிலக்சனா மூன்று பணிஸ் வாங்கிவரப் போனாள்.
மல்லாகத்தில் இண்டைக்குத் தவணை அக்கா,
நான் கொஞ்சம் வெள்ளனப் போகட்டோ என்றான்.
சம்பளக் காசை அப்போதே கொடுத்தேன்.
லோயருக்குக் கொடுக்கப் பாதி வேறாக மடித்தான்.

அகிலதாசின் மெசேஜ் வந்து கிடந்தது,
புது யோசனை மச்சாள்:
ரசீதைத் தமிழில் அடிச்சால் என்ன?
மாதிரி ஒன்றும் அனுப்பியிருந்தான்.
றொபின்சன் என் தோளுக்கு மேலால் வாசித்தான்,
பொருள், அளவு, விலை, வரி.
ஒரு எழுத்துப் பிழையைக் காட்டினான்.
பிறகு ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டான்,
இதில பேர் எழுதிற இடம்
எங்க அக்கா?