யப்பான்

சீட்டு எனக்கு விழுந்த மாதம்.
ஏ ஒன்பது வீதியில்
டயர்க்கடைக்கும் அடகுக்கடைக்கும் நடுவே
வெசாக் கூடு மாதிரி ஒன்று சிவப்பாய்த் தொங்குமே,
அந்தக் கடைக்கு இவரைக் கூட்டிப்போனேன்.

மோட்டார் சைக்கிளில் இருந்து
மீன்பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்தார்.
பெட்டி கழன்றது. மணம் கழரவில்லை.
ஐந்து தரம் தேசிக்காய் தேய்த்த கையை
பொக்கற்றுக்குள் வைத்தபடியே உள்ளே நடந்தார்.

கிளிநொச்சி வெயில் வெளியே நின்று
கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தது.

புவனத்தின் பெடியன் யதுசன்
கறுப்பு ஏப்ரனோடு வந்து
ஆளைத் தெரியாதவன் மாதிரி "வெல்கம்" என்றான்.
பிறகு குரலைத் தணித்து,
"மாமி, இந்த மேசையில இருங்கோ,
இதுக்கு ஏசிக் காத்து நேரே வராது."

மெனுவில் எழுத்துச் சிறிசு, விலை பெரிசு.
கணவாய் டெம்புரா.
மாசிச் சம்பல் வைத்துச் சுருட்டிய சூஷி.
குரக்கன் நூடில்ஸ் மிதக்கிற சூப்.
இவர் விரலால் ஒவ்வொன்றாய்த் தடவிக்கொண்டு போய்
கடைசியில் கேட்டார்:
"தம்பி, யப்பான் இல்லையோ?"

"எல்லாமே யப்பான்தான் மாமா."

"இல்லையடா. குளத்து யப்பான்."

பெடியன் சிரித்தான்.
சமையலறைத் துவாரத்தில் தெரிந்த முகம் சிரிக்கவில்லை.
அமலதாஸ்.
நாச்சிக்குடாக் கரையில் பிறந்து
டோகாவில் பதினொரு வருடம் கத்தி பிடித்தவன்.
கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.
"அண்ணை, நான் கடல்காரன்.
குளத்து மீனில சேத்து மணம்.
என்ர சட்டியில அது ஏறாது."

அந்த மீனுக்கு யார் அப்படிப் பெயர் வைத்தார்களோ.
மீன்பிடிக் கந்தோர் ஐயா ஒருநாள் சொன்னார்,
அது ஆபிரிக்காக்காரனாம்.
யப்பானை அது கண்டதேயில்லை.
நாங்கள் மட்டும் கண்டோமா?

கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில்
ஐஸ் பெட்டிக்குள் படுத்து வந்த
செம்மஞ்சள் மீன் ஒன்று
கீலம் கீலமாய்ப் பீங்கானில் வந்தது.
பச்சைமீன், பச்சைமீன் என்று
இருபது வருடமாய்க் கூவி விற்கிறவள் நான்.
பச்சையாகவே தின்பார்கள் என்று
ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை.

ஓரத்தில் விரல்நுனி அளவு பச்சை.
மிளகாய்ச் சம்பலாக்கும் என்று முழுதாய் வாயில் போட்டேன்.
உயிர் மூக்கால் ஏறி உச்சியில் ஒரு கணம் நின்று
திரும்பி வரலாமா என்று யோசித்தது.
இவர் தண்ணீரை நீட்டினார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

குச்சிகள் எனக்குப் பிடிபடவில்லை.
இவருக்கோ
வலைக் கண்ணி பொத்திப் பொத்திப் பழகிய விரல்,
ஒரு சோற்றுப் பருக்கையைத் தனியே தூக்கி
எனக்குக் காட்டிவிட்டுத் தின்றார்.
அமலதாஸ் துவாரத்தால் அதைப் பார்த்தான்.

காசு கட்டி எழும்பும்போது
இவர் துவாரத்தடியில் நின்று சொன்னார்:
"பிடிச்ச கையோட வெட்டாதை.
நல்ல கிணத்துத் தண்ணியில ரெண்டு நாள்
உயிரோட விடு, தீனி போடாதை.
சேத்தைத் தானாய்க் கக்கிப்போடும்.
பிறகு கல்லுப்பு, பழப்புளி."
கடல்காரன் முகத்தை மாற்றவில்லை.
கத்தியை மட்டும் கீழே வைத்தான்.

செவ்வாய்க்கிழமை, விடியமுன்,
இரணைமடுக் கட்டில் ஒரு லாண்ட் மாஸ்டர்.
பெட்டியில் நீல பரல் ஒன்று, பாதித் தண்ணீரோடு.
பக்கத்தில் அமலதாஸ், செருப்பைக் கழற்றாமல்.

இரண்டு கிழமை கழித்து
யதுசன் போனில் புது மெனுவைக் காட்டினான்.
இரணைமடு டெரியாக்கி.
ஒன்று இரண்டாயிரத்து எழுநூறு.
யப்பான் என்ற சொல்லை வெட்டிவிட்டான் பாவி.
அந்தக் கடைக்குள்
யப்பான் என்ற பெயரோடு போனது அது ஒன்றுதான்.

இவர் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார்.
"கிலோவுக்கு எண்ணூறு கேப்பமே?"
நான் ஆயிரம் என்றேன்.
அமலதாஸ் தொளாயிரத்தில் வந்து நின்றான்.
சரி, மிச்ச நூறுக்கு
மாதம் ஒருக்கா எங்களுக்கு ஒரு மேசை என்றேன்,
காத்து நேரே வராத அந்த மேசை.