மீதி

செல்லூரில் எங்கள் மாடி அறை
எட்டுக்குப் பத்து.
வாசலில் போர்டு இருக்கிறது:
ஆரி ஒர்க் செய்து தரப்படும்.
போர்டு வந்த பிறகும்
வீட்டுக்காரரின் மினி பஸ் டயர் ஒன்று
மூலையை விட்டு நகரவில்லை.
அதன் வயிற்றில்தான் மூன்று வருடமாக
ஜரிகைக் கண்டுகளைப் போட்டு வைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை
மேலூர் பிரதீபாவின் ரவிக்கைக்குப்
பன்னிரண்டு பச்சைக் கல் குறைந்தது.
வாங்கியது நினைவிருக்கிறது,
விளக்குத்தூண் பக்கம் ஓர் இடுக்குக் கடையில்,
கவரைப் பல்லால் கடித்துப் பார்த்தது வரைக்கும்.
எங்கே வைத்தேன் என்பதுதான் இல்லை.

சட்டத்தைச் சுவரில் சாய்த்தேன்.
சேலையைத் தூக்கிச் செருகினேன்.
கூட்டினேன், பெருக்கினேன்.
இந்த அறையில் இரண்டுமே கணக்குப் பாடம்.
கூட்டக் கூட்டக் கூடுகிறது,
பெருக்கப் பெருக்கப் பெருகுகிறது.
பீரோவுக்கு அடியிலிருந்து மட்டும்
ஒரு கைப்பிடி மணி, நாலு பாபின்,
தொலைத்துவிட்டான் என்று நான் மகனை அடித்த
அந்தக் கத்தரிக்கோல்.
அவன் இப்போது கோவையில் படிக்கிறான்.
போன் செய்து சொல்லலாமா என்று நினைத்தேன்.
துடைத்து, எண்ணெய் விட்டு,
ஆணியில் மாட்டினேன்.

வகுத்தல் எனக்குப் பிடிக்கும்.
இட்லித் தட்டின் குழிகளில் மணிகள்:
சிவப்பு, கருஞ்சிவப்பு,
ட்யூப்லைட்டில் சிவப்பாக நடித்து
வெயிலில் ஆரஞ்சாகிவிடும் ஒரு மோசக்காரி.
ஊசிகள், உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தில்,
மீன்முள் போல.
பட்டு நூல் அஞ்சறைப் பெட்டியில்.
எத்தனை கழுவியும் சீரக வாசம் போகவில்லை,
ஒரு டீச்சர் ரவிக்கையை முகர்ந்து பார்த்துவிட்டுச்
சாப்பிட்டுப் போகவா என்றார்.
ரயில் கடக்கும்போதெல்லாம்
ஹார்லிக்ஸ் பாட்டில்களில் கற்கள் கிலுகிலுக்கும்.
எது தீரப்போகிறதென்று
திரும்பிப் பார்க்காமலே சொல்வேன்.

கழித்தல்தான் வரவில்லை.
நாலு விரல் வெல்வெட்டைக் குப்பையில் போடுவேன்,
காபி குடித்துவிட்டு வந்து எடுத்துவிடுவேன்.
அப்படி எடுத்ததற்கெல்லாம் ஒரு முறுக்கு டின்.
சோலையப்பன் அதன்மேல் மார்க்கரால் எழுதியிருக்கிறார்:
மீதி.
கிண்டல்தான்.
ஆனாலும் அவர் கையெழுத்து அழகு.

டின்னின் அடியில்
செய்தித்தாளில் சுற்றிய ஒரு கை.
ரவிக்கையின் இடது கை. முழங்கை வரை கிளி,
கிளிக்கு உடம்பெல்லாம் பச்சைக் கல்.
இளவஞ்சி, ஒத்தக்கடை.
வலது கை தொடங்கும் முன்னே போன் வந்தது.
"வேண்டாங்க்கா. நின்னு போச்சு."
முன்பணம் எண்ணூறை அவள் கேட்கவில்லை.
நானும் கொடுக்கவில்லை.

ரொம்ப நேரம் அதை மடியில் வைத்திருந்தேன்.
நின்ற கல்யாணத்துக் கல்,
நடக்கிற கல்யாணத்துக்கு.
யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்,
அதனால் யாரையும் கேட்கவில்லை.
கல்லுக்கு என்ன தெரியும், என்றேன் வாய்விட்டு.
அப்போது பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி,
எல்லாப் பாட்டிலும் ஒரே நேரத்தில் பேசின.
வாலிலிருந்து தொடங்கிப்
பன்னிரண்டு பிரித்தேன்.
ஷாம்பூத் தண்ணீரில் அலசி
இட்லிக் குழியில் உலர்த்தினேன்.

வெள்ளிக்கிழமை பிரதீபாவின் அம்மா வந்து
கண்ணாடி முன் வைத்துப் பார்த்து
பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனார்.
அறை அன்று
ஒரு நூல்கூட இல்லாமல் இருந்தது,
உள்ளே போகவே கூச்சமாக.
பழைய நம்பர் வேலை செய்யுமா தெரியாது,
எண்ணூறு அனுப்பினேன்.

ராத்திரி பதிலுக்கு வந்தது: யாரு?
செல்லூர் ஆரி அக்கா, என்று அடித்தேன்.
அவள் அடிக்கிறாள், நிறுத்துகிறாள், அடிக்கிறாள்.
நான் அதற்குள் டயரை உருட்டி
மாடிப்படி வரை கொண்டுபோய்
மறுபடியும் உள்ளே கொண்டுவந்துவிட்டேன்.

"அந்தக் கிளி இருக்காக்கா?"

இருக்கு, என்றேன்.
வால்தான் இல்லை.