நாலாவது வேகம்

தொலோன் கணவாய் ஏறுமுன்
விசிறி நின்றுவிட்டது.
காதுக்குள் இருந்த யாரோ
சொல்லாமல் எழுந்து போன மாதிரி.

எஞ்சின் சூட்டில் குறையில்லை.
டாஷ்போர்டின் வயிற்றில் வெந்நீர் ஓடுகிறது,
ஊதிவிடத்தான் ஆளில்லை.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
உள்ளே நான்கு பேர், என்னோடு ஐந்து.
நாரினிலிருந்து பிஷ்கெக்குக்குத் தலைக்கு எண்ணூறு சோம்,
சூடும் அந்தக் காசில் அடக்கம்.

குமிழைத் திருகினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.
அசைவில்லை.

"ரெசிஸ்டர் போயிருக்கும்" என்றான் எலமான்,
விடுப்பில் போகும் சிப்பாய்.
ரெசிஸ்டர் போனால் நாலாவது வேகம் பிழைத்திருக்குமே, தம்பி.
"ஃப்யூஸைப் பார்" என்றார் கச்சிபெக்,
மாட்டுச் சந்தைப் பணத்தின் மேலிருந்து கையை எடுக்காமல்.
பார்த்தேன், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.
பச்சை, முப்பது ஆம்பியர், உள்ளே கம்பி அறவில்லை.
மீரிம் போனை உயர்த்தி வானத்தைக் கேட்டாள்.
வானத்தில் சிக்னல் இல்லை.

பேசப் பேசக் கண்ணாடி உறைந்தது.
ஆளாளுக்குச் சொன்ன காரணமெல்லாம்
என் கண்ணுக்கு முன்னால் வெள்ளையாய்ப் படிந்தது.
பழைய கேசட் உறையால் சுரண்டினேன்,
கச்சிபெக்கின் ஃப்யூஸ் செதில்செதிலாய் மடியில் விழுந்தது.
"யாராவது ஒருத்தர் மட்டும் சரியாக இருங்கள்,
மற்றவர்கள் மூச்சைப் பிடியுங்கள்" என்றேன்.

முன்சீட்டில் உல்ஜான் மட்டும் வாய் திறக்கவில்லை.
அவள் பக்கத்துக் கண்ணாடியில் மட்டும்
மலை தெரிந்தது.

லாரிகள் சங்கிலி கட்டும் இடத்தில் ஓரங்கட்டினேன்.
அவள் முழங்காலை ஒதுக்கினாள்.
கையுறைப் பெட்டியைக் கழற்றினால்
காலாவதியான காப்பீடு,
என் மகளின் ஒற்றைக் கையுறை,
இரண்டு குளிர்காலத்துச் சூரியகாந்தித் தோல்.
பிளக்கில் சோதனை விளக்கை வைத்தேன், எரிந்தது.
ஆக, மின்சாரம் வாசல்வரை வருகிறது,
வீட்டில்தான் யாரும் எழுந்திருக்கவில்லை.
ஸ்பேனர் பிடியால் ஒரு தட்டு.
அரைச் சுற்று சுற்றி மறுபடி படுத்துக்கொண்டது.

கார்பன் பிரஷ்.

மூன்று திருகு. மூன்றாவது கைநழுவி விழுந்தது,
இன்றுவரை கிடைக்கவில்லை.
மோட்டாரை உல்ஜானின் மடியில் வைத்தேன்,
வைக்க வேறு இடமில்லை.
சால்வை நுனியால் அதை மூடினாள்.
பிரஷ் தேய்ந்திருந்தது, ஆனாலும் மிச்சமிருந்தது,
தூசி இறுகி அதன் கூட்டிலேயே சிக்கியிருந்தது.
மெல்லியதாய் ஏதாவது வேண்டும் என்றேன்.
கோட்டுக் காலருக்கு உள்ளே குத்தியிருந்த
கண்ணேறு ஊசியைக் கழற்றித் தந்தாள்.

நான் குடைந்துகொண்டிருந்தபோதுதான் ஆரம்பித்தாள்,
என்னிடமல்ல, மடியிலிருந்த மோட்டாரிடம்:
"இருபத்திரண்டு வருஷமாய்
அவன் செத்துவிட்டான் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன்.
நேற்று அவனே போன் பண்ணினான்.
குரல் அப்படியே. சொல்றான்"

என் கை பிளக்கைச் செருகிவிட்டது.

குமிழ் நாலில் இருந்ததை மறந்திருந்தேன்.
விசிறி அலறியது. கிரில் வழியே தோல்கள் பறந்து
கச்சிபெக்கின் மீசையில் உட்கார்ந்தன. எல்லாரும் சிரித்தார்கள்.
மூன்றுக்குத் திருப்பினால் செத்தது. இரண்டில், ஒன்றில், சவம்.
ரெசிஸ்டரும் போயிருந்தது. எலமான் பின்னாலிருந்து
பாதி விரலைக் காட்டினான், பாதி வெற்றிக்கு.

கணவாய் முழுக்க அவள் உதடு அசைந்தது.
நிறுத்தினால் கேட்கலாம்.
நிறுத்தினால் கண்ணாடி உறையும், அடுத்து கொண்டை ஊசி வளைவு.
குமிழில் கை வைத்தபடியே ஓட்டினேன்.
அவள் முதலில் சொன்னது அவள் பக்கத்தில் உறைந்திருந்தது,
அடியிலிருந்து பிறைபிறையாய் உருகி
மேலே ஒரு விரல் அகலம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

பிஷ்கெக்கில் எண்ணூறு சோமை எண்ணித் தந்தாள்.
ஊசியைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை பழைய பாகச் சந்தையில் ரெசிஸ்டர் வாங்கி மாட்டினேன்.
இப்போது முதல் வேகம் ஓடுகிறது,
பக்கத்தில் ஒருத்தர் முணுமுணுத்தாலும் கேட்கும்.
இன்று முன்சீட்டில்
ஒரு மூட்டை உருளைக்கிழங்கு.