பதினோரு நொடி

சேதராப்பட்டில் காற்று திசை திரும்பியது
இரவு இரண்டு பத்துக்கு.
மின்துறை கைவிட்டது.
ஜெனரேட்டர் எழுந்து பாரம் ஏற்கப்
பதினோரு நொடி.
அதுவரை
நாற்பது ரேக்குகளைப்
பேட்டரிகள் பிடித்திருந்தன.
நான் மூச்சை.

இருசப்பன் டீசல் தொட்டிக்குள் கோலை விட்டெடுத்து
ஈரம் ஏறிய இடத்தை நகத்தால் தொட்டார்.
“நாளைக்கு மத்தியானம் வரை தாங்கும்.
அப்புறம் லாரி வரணும்.”
லாரி வில்லியனூரில்,
விழுந்த புளியமரத்துக்கு அந்தப் பக்கம்.

மூன்றாம் ஏசி ஒருமுறை இருமியது.
ஸ்க்ரூடிரைவரின் பின்புறத்தால் தட்டினேன்,
ஒத்துக்கொண்டது.

புயலைவிட உப்பு மோசம்.
புயல் சொல்லிக்கொண்டு வரும்.
உப்பு வடிகட்டியைத் தாண்டி நுழைந்து
செம்பைப் பச்சையாக்கிவிட்டுச்
சும்மா இருக்கும்.

வருடத்துக்கு ஐம்பத்திரண்டு நிமிடம்
நாங்கள் விழலாம் என்று ஒப்பந்தம்.
அதில் நாற்பத்தொன்றை
ஜூனிலேயே ஓர் எலி தின்றுவிட்டது.

நான்கு மணிக்குத் திரையைப் பார்த்தேன்.
கடலூரிலிருந்து ஒருவரும் இல்லை,
அங்கே டவர்கள் படுத்துவிட்டன.
பாரீசிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும்
ஒரே பக்கத்தை
மறுபடி மறுபடி திறக்கிறார்கள்:
தேவனாம்பட்டினம் மீன் ஏலம், நேற்றைய விலை.
வஞ்சிரம் வாங்க அல்ல.
ஊர்ப் பெயரில் ஏதாவது ஒன்று
கூப்பிட்டால் பதில் சொல்கிறதா என்று.

சொன்னது.
முந்நூறு தடவைக்கு மேல்
அதே வஞ்சிரம், அதே விலை.

முதுநகரில் என் அம்மாவின் எண்
தொடர்பு எல்லைக்கு வெளியே.

ஆறு மணிக்குப் பதிவேட்டை இழுத்து
‘குறிப்பிடத்தக்க நிகழ்வு’ என்ற கட்டத்தில்
எழுதினேன்:
இல்லை.