பதினேழு சென்ரிமீற்றர்

எங்கள் ஊரில் மலை இல்லை.
கீரிமலை என்று பெயர் வைத்த இடத்திலும்
படி இறங்கித்தான் போகவேண்டும், தண்ணீருக்கு.
ஆக உயரத்துக்கு நான் ஏறியது
கோப்பாய்த் தரவையில் தொலைபேசிக் கோபுரம்,
எழுபத்திரண்டு மீற்றர்,
மாதம் நாலு தரம், சம்பளத்துக்கு.

இப்போது மேசையில் ஒரு தாள்.
இமயத்தில் இருபத்தாறு நாள் பயிற்சி.
கொண்டுவர வேண்டியவை, இரண்டு பக்கம்.

சப்பாத்திலிருந்து தொடங்கினேன்.
சூரிச்சிலிருந்து மச்சாள் ரஜிதா அனுப்பியது,
சப்பாத்துக்குள் இன்னொரு சப்பாத்து,
அவள் ஒரு மாரி போட்டுக் கழித்தது.
பங்குனி வெயிலில்
இரண்டு சோடி கம்பளிக் காலுறையோடு
நாடாவை இறுக்கி முடிந்து
வாசற்படி விளிம்பில் நுனியால் உதைத்தேன்.
பத்துத் தரம்.
பெருவிரல் இடிக்கவில்லை.
குதி மட்டும் கொஞ்சம் எழும்பியது.
இங்கே எழும்பினால் பரவாயில்லை,
பனிச்சுவரில் கெண்டைக்கால் கத்தும்.
அவிழ்த்து வேறு விதமாய் முடிந்தேன்.
தெருவில் போன பால்காரர்
சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்.

காலுக்கு முள்.
அலுமினியத்தைக் கையில் எடுத்தால் ஆசையாய் இருக்கும்,
அவ்வளவு இலேசு.
பனிக்கு நடுவே பாறை வரும் என்று
அந்த ஆசை சொல்லாது.
உருக்கு. பன்னிரண்டு முள்.
திருநெல்வேலிச் சந்தையில்
வெங்காயம் நிறுக்கிற தராசில் வைத்தேன்:
தொள்ளாயிரத்து நாற்பது கிராம்.
"என்ன பிள்ளை, நண்டு பிடிக்கவோ?"

கயிற்றில்தான் பிழைவிட இருந்தேன்.
கோபுரத்துக் கயிறு நீளாது.
பத்து வருஷம் அதை நம்பித் தொங்கியிருக்கிறேன்.
தொங்குகிறவளுக்கு அது சரி.
விழுகிறவளை அது நிறுத்தும்,
நிறுத்துகிற வேகத்தில் இடுப்பை எடுத்துவிடும்.
மலைக்கயிறு கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பிடிக்கும்.
தன் பழையது ஒன்று இருக்கிறது என்றாள் ரஜிதா.
வேண்டாம் என்றேன்.
அவள் எப்படி நடந்தாள் என்று
சப்பாத்தின் தேய்மானம் காட்டித்தந்தது.
எத்தனை விழுகையைத் தாங்கிக் களைத்தது என்று
கயிற்றில் எங்கேயும் எழுதியிராது.
சீட்டுக் காசை எடுத்துப் புதிது வாங்கினேன்.

பிறகு, ஐஸில் இறக்குகிற திருகாணி.
உள்ளே குழல், நுனியில் நாலு பல்,
பதினேழு சென்ரிமீற்றர்.
திருகிப் பார்க்க ஐஸ் வேண்டும்.
யாழ்ப்பாணத்தில் ஐஸ் மீனுக்கு.

குருநகர் ஐஸ் கொம்பனியில் பொனிபஸ் இருக்கிறான்,
என்னோடு ஏஎல் எடுத்தவன்.
லொறிகள் வரமுன், விடியப்புறம் மூன்றரைக்கு,
ஒரு பாரைச் சாக்கில் நிமிர்த்தி வைத்தான்.
"கரையிலை கண்ணாடி மாதிரி, நடுவிலை வெள்ளை.
வெள்ளைக்கை காத்து. அதிலை பிடிக்காது."

முதற் திருகில் வழுக்கியது.
இரண்டாவதில் கடித்தது.
குழலுக்குள்ளால் நெளிந்து வந்தது
தேங்காய்ப்பூ மாதிரி ஐஸ்.
எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தமாய்.
இன்னும் இரண்டு விரற்கடை இருக்க
பார் இரண்டாய்ப் பிளந்தது.

பிளந்த முகத்தில் என் புரிகள்,
ஒன்றுக்கொன்று பிசகாமல்.

"அங்கையும் வெடிச்சா?"
"அதுக்குக் கீழை இன்னொண்டு போட்டிருப்பன்."
"அதுவும் வெடிச்சா?"
கயிற்றின் விலையைச் சொன்னேன்.
"அந்தக் காசுக்கு ஒரு வலை எடுக்கலாம்" என்றான்.
கொஞ்சம் பொறுத்து,
"எடு. வலையும் கயிறுதானே."

இரண்டு துண்டையும் அரைக்கிற இயந்திரத்துக்குள் தள்ளினான்.
நான் இறக்கிய துளை
இந்நேரம் ஏதோ ஒரு பாரைமீனின் செவுளில்
உருகிக்கொண்டிருக்கும்.

குழலில் மிஞ்சிய ஐஸை உடனே எடுக்கவேண்டும்,
விட்டால் அடுத்த தரம் இறங்காது.
வாயை வைத்து ஊதினேன்.
உலோகம் உதட்டைப் பிடித்துக்கொண்டது.
பொனிபஸ் ஏதோ கேட்டான்,
பதில் சொல்ல வாய் இல்லை.
பத்து நொடி இருக்கும்.
இழுத்தபோது கொஞ்சம் தோலும் போனது.

வீட்டுக்கு வந்து தாளை விரித்தேன்.
இரண்டாம் பக்கம், கடைசி வரி: உதட்டுக்குக் களிம்பு.
ஆடம்பரம் என்று நான்தான் வெட்டியிருந்தேன்.
வெட்டின கோட்டுக்கு மேலே
மறுபடி எழுதினேன்,
எரிச்சலோடு.