‘ஆம்’

வர்த்தூர் ஏரி உடைந்துவிட்டதாம்.
அந்த ‘ஆம்’ யாருடையது என்று தேடுவதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

இரவு இரண்டரைக்குள்
பதினோராயிரம் பேர் ஏரியை உடைத்திருந்தார்கள்.
காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்:
மிதக்கும் ஆட்டோ, கவிழ்ந்த இளநீர் வண்டி,
ஓரத்தில் மருந்துக்கடைப் பலகை.
எழுத்து கன்னடமில்லை.
எந்த ஊரின், எந்த வருஷத்து வெள்ளமோ
பெங்களூரில் வந்து வடிகிறது.

ஏரிக்காவலர் பசவண்ணப்பாவை அழைத்தேன்.
“கரை காய்ஞ்சு கிடக்குன்னு சொல்ல மாட்டேன் மேடம்,
ஆனா கிடக்கு.”
பொய் என்று முத்திரை குத்தினோம்.
டீ வந்தது.

விடியும்போதுதான் கண்ணில் பட்டது,
11.52க்கு யாரோ இட்டது:
பனத்தூர், தரைத்தளம், கரண்ட் இல்லை,
அப்பாவுக்கு ஆக்ஸிஜன் மெஷின்.

அதில் ‘ஆம்’ இல்லை.
பகிர்ந்தவர் ஒருவர்.
இப்போது இரண்டு.