பலோடிக்கு ஒரு படம்

மகிபால் பிறந்தது சௌகார்பேட்டையில்.
பலோடியிலிருந்து வந்த தாத்தா
மின்ட் தெருவில் பித்தளைக் குழாய் விற்றார்,
அப்பா பிளாஸ்டிக் குழாய் விற்கிறார்.
நான் அங்கே பில் போடுகிறேன்.
வருடத்துக்கு ஒருமுறை
குலதெய்வம் கும்பிடக் குடும்பமே ரயிலேறும்.
கடை பார்க்க ஒருத்தன் வேண்டுமே,
பள்ளிக்கூட நாளிலிருந்தே அது மகிபால்.

இப்போது பலோடியில் பெண் நிச்சயம்.
பெயர் கஞ்சன்.
தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று
அவளிடம் இன்னும் சொல்லவில்லையாம்.
அவள் கேட்டிருக்கிறாள்:
மணல்மேட்டில் நிற்கிற மாதிரி
உங்கள் படம் ஒன்றாவது உண்டா?

"உங்க ஏரியால வெள்ளையா மலை மாதிரி இருக்குமாமே.
ஒரு போட்டோ மச்சான். ஒண்ணே ஒண்ணு."

ஞாயிறு, கடை அரைநாள்.
அவன் டியோவில் நான் பின்னால்.
திருவொற்றியூர் தாண்டி
கன்டெய்னர் லாரிகள் உறங்கும் வரிசையை உரசிக்கொண்டு
அத்திப்பட்டுப் பக்கம் திரும்பும்போது
காலர் உள்பக்கம் நமநமவென்றது.

முதலில் குழாய்கள்.
முட்டி மடக்கி, முதுகு தூக்கி
வரிசையாகப் படுத்திருந்தன.
"ஒட்டகம்!" என்றான்.
ஒன்றுக்கு வயிற்றில் ஓட்டை.
வெந்நீர்ச் சாம்பல்
ஆற்றைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

கரையேறினால் வெளி.
அடுப்பு அணைந்தபின் ஊருக்கே பரப்பி வைத்ததுபோல் வெளி.
காற்று கோடு கிழித்திருந்தது, அலை அலையாக,
காலண்டரில் பார்த்த அதே அலை.
ஒரு வேலிகாத்தான் மட்டும்
இடுப்புவரை புதைந்து, கை தூக்கியபடி.

பள்ளிக்கூடத்தில் ஐந்து நிலம் படித்தோம்.
ஐந்தாவதற்குச் சொந்த மண் கிடையாது,
மற்றது வாடினால்தான் அது என்றார் தமிழ் சார்.
பாவம், எங்கள் பக்கம் அவர் வந்ததில்லை.
இங்கே அதற்குப் பட்டாவே கொடுத்தாகிவிட்டது.

தூரத்தில் தண்ணீர் மினுங்கியது.
"கானல்தானே அது? சூப்பர், அதையும் எடு."
"ஆறுடா அது. கொசஸ்தலை."
ஆட்கள் தெரிந்தார்கள்,
பறியைப் பல்லில் கடித்து
மார்பளவு நீரில் இறால் தடவுகிறவர்கள்.
எங்கள் பெரியப்பா மகள் சுகிர்தாவும் அதில் இருப்பாள்.
நான் கை அசைக்கவில்லை.

அந்தப் பக்கம் ஒரு குடியிருப்பு.
பெயர்ப்பலகையில் பாதி உதிர்ந்திருந்தது.
வெறுங்குடத்தோடு வந்த அம்மா
கேமராவைப் பார்த்ததும் கேட்டார்,
"எந்த சேனல்?"
"சேனல் இல்லக்கா, கல்யாணத்துக்கு."
சிரித்துச் சிரித்து இருமினார்.
"கல்யாணத்துக்கு இங்கயா?
நாங்களே மீஞ்சூர் போய் மண்டபம் எடுக்கறோம்,
இலையில வுழுதுன்னு."

பதினேழு படம் எடுத்தேன்.
துப்பட்டியைத் தலைப்பாகையாகக் கட்டி
இடுப்பில் கைவைத்து மகிபால்,
ராஜா மாதிரித்தான் இருந்தான்,
தும்மாத ஒரே ஒரு படத்தில்.

ரயில்வே கேட்டில் நிற்கும்போது பதில் வந்தது.
அவன் படித்துப் படித்துத் தமிழில் சொன்னான்:
எங்கள் மணல் உதறினால் போய்விடும்.
உங்கள் புருவத்தில் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது?
அப்புறம் இன்னொன்று:
அங்கே பனி பெய்யுமா?

"என்னடா எழுதறது?"
"உள்ளத எழுது. சாம்பல்னு."
"லூசு, எங்க பாஷையில சாம்பல்னா
யாரோ செத்துட்டாங்கன்னு நினைப்பா."

நிலக்கரி வண்டி போய்க்கொண்டே இருந்தது.
நாற்பத்தொன்று வரை எண்ணி விட்டுவிட்டேன்.
மணல் என்று அடித்தான், அழித்தான்.
வேறென்னவோ அடித்தான், அழித்தான்.
அவள் பக்கத்தில்
மூன்று புள்ளி தோன்றி மறைந்தது.

கேட் தூக்கினார்கள். பின்னால் ஹாரன்.
போனை உள்ளே போடுமுன் மகிபால்
சட்டைப்பையை வெளிப்புறமாக இழுத்துத்
தட்டினான்,
இன்னொரு தரம் தட்டினான்.